'ரைட்' என்று சொன்ன மகளுக்கு

அன்புள்ள பேச்சி,

பஸ்களில் இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அழித்துவிட்டு எல்லா பஸ்ஸிலும் ஒன்றுபோல எழுதினார்களே, அந்த வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். அது எந்த வருஷம் என்று உனக்கு இலக்கமாகத் தெரியும். எனக்கு அது தப்பான பஸ்ஸில் ஏறிய வருஷம். எழுத்துத் தெரியாதவனுக்கும் எழுத்தின் முகம் தெரியும். நம் ஜில்லா பஸ்ஸில் எழுத்து ஒரு மாதிரி சுழித்துக் கிடக்கும், பக்கத்து ஜில்லா பஸ்ஸில் வேறு மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் எது தெற்கே போகும், எது வடக்கே போகும் என்று ஏறுவேன். எல்லா முகமும் ஒரே முகமாகிவிட்டதில், தெற்கே உன்னைப் பார்க்கக் கிளம்பியவன் வடக்கே சாத்தூரில் போய் இறங்கினேன். அதே வருஷம்தான் ஐப்பசியில் பொட்டு மழை இல்லாமல், கார்த்திகையில் ஒரேயடியாக ஊற்றி, உளுந்தும் பாசியும் பூவோடு அழுகிப்போயின. கிடை போடுவதற்கு மேடான இடம் கிடைக்காமல் ஆடுகளைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஏற்றிக் கட்டினோம். அந்தத் தண்ணீரெல்லாம் வற்றி, கரிசலில் வெடிப்பு விழத் தொடங்கிய சமயத்தில் உன் டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சை வந்தது. அந்தப் பரீட்சையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாம்தான். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. வியாழக்கிழமை பேசும்போது பாதியில் அழுதாய், மீதியில் வைத்துவிட்டாய். அதனால் உன் மதினி செல்வியை உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன். நான் "வாரேன்" என்று சொன்னால் அவள் "வருகிறேன்" என்று எழுதுகிறாள். வாசித்துக் காட்டும்போது யாரோ தாசில்தார் பேசுகிறமாதிரி இருக்கிறது. ஆனால் சொன்னது நான்தான், அதில் மாற்றமில்லை. நடுவில் ஓரிடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "மாமா, இந்தச் சொல்லையுமா எழுதணும்? டாக்டரம்மாளுக்குப் போற காயிதம்லா?" என்று கேட்டாள். "எழுது தாயி, அந்தச் சொல்லுக்காகத்தான் காயிதமே" என்றேன். எந்தச் சொல் என்று உனக்குத் தெரியும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். நீ வேலை பார்க்கும் மெடிக்கல் காலேஜில், புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். இங்கிலீஷில்தான் எடுத்தாய். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள், திருதிருவென்று முழித்தார்கள். படத்தில் வலது எது இடது எது என்று அவர்கள் தடுமாறுவதைப் பார்த்து, "ஈரல் சோத்தாங்கைப் பக்கம், மண்ணீரல் பீச்சாங்கைப் பக்கம், இத மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டாய். பாதிப் பிள்ளைகள் சிரித்தார்கள். வடக்கேயிருந்து வந்து படிக்கிற ஒரு பெண்பிள்ளை, தனக்கு ஒன்றும் புரியவில்லை என்று போய்ச் சொன்னாள். உங்கள் துறைக்குத் தலைவர் மறுநாள் அதே பிள்ளைகளுக்கு முன்னால் வைத்து, "இது கிளாஸா, சாப்பாட்டுக்கடையா?" என்று கேட்டார். அசிங்கமான சொல்லைப் பேசுகிறவர்கள் பாடம் நடத்தக்கூடாது என்றும் சொன்னார். நீ திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, கோவில்பட்டியில் ஒரு கிளினிக் போட்டு உட்காரப் போகிறாய்.

அதுவரை நான் பேசாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கிளினிக் போட்டால் எனக்குத்தான் நல்லது, பக்கத்தில் இருப்பாய். ஆனால் அதற்குப் பிறகு ஒன்று சொன்னாய். "அன்னைக்கே என்னய ஏழப்பட்ட புள்ளைன்னு எரக்கப்பட்டுத்தானப்பா பாஸ் போட்டாவ. பிச்சையா வந்த படிப்பு. அத வச்சுக்கிட்டு வாத்தியார் வேலைக்கு நான் எதுக்கு ஆசப்பட்டேன்?" சொன்ன கையோடு நீ வைத்துவிட்டாய். இத்தனை வருஷமாக இப்படி ஒரு நினைப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டா இருந்தாய் மகளே? அன்றைக்கு அந்த வார்டில் நான் படுத்திருந்தேன். நீ வெளியே ஓடின பிறகு நடந்ததை நான் பார்த்தேன். உனக்கும் தெரியும் என்றே இருந்துவிட்டேன். பாஸ் என்று சேதி வந்ததும், வீடே ஆளும் பேருமாக நிறைந்துபோய், அந்தப் பேச்சே எழவில்லை.

முதலில் இருந்தே சொல்கிறேன், பொறுமையாகக் கேள். நீ முதல் வருஷம் லீவுக்கு வந்தபோது, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதில் ஒரு மனுஷனை நெஞ்சோடு பிளந்து படம் போட்டிருந்தது. ஈரல் வலது பக்கம் என்று பாடம் சொல்லுகிறது, படத்தில் அது இடது பக்கம் கிடக்கிறது. படத்தில் இருக்கிறவன் நம்மைப் பார்த்து நிற்கிறான் என்பது உனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தாலும், இங்கிலீஷில் ரைட், லெஃப்ட் என்று வாசித்ததும் உனக்குக் குழம்பிவிடும். உனக்கு ரைட் என்றால் கண்டக்டர் பஸ்ஸைத் தட்டிச் சொல்கிற ரைட். போகலாம் என்று அர்த்தம். வெடுக்கென்று புத்தகத்தை மூடினாய். உன் அம்மா அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள், "எதுக்குப் பிள்ள இந்தப் பாடு படுத? சோறு திங்குத கைப்பக்கம்னு நெனச்சுக்கோ. படத்துல இருக்கவன் மட்டும் சோறு திங்காமலா இருப்பான்?" நீ சிரித்தாய். அதற்குப் பிறகு உனக்கு அந்தக் குழப்பம் வந்ததே இல்லை. யார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் சாப்பிடுகிற கை அவரவர் கைதானே.

அந்த லீவுக்கு அடுத்த லீவில் கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு வந்தாய். என்னைக் கட்டிலில் படுக்கவைத்து நெஞ்சில் வைத்துப் பார்த்தாய். இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாய். குழாயை உதறினாய். முகம் வெளுத்துப் போய், "அப்பா, ஒங்களுக்கு நெஞ்சுத் துடிப்பே கேக்கல" என்றாய். உன் அம்மா, "அது எனக்குக் கல்யாணமான அன்னைக்கே தெரியுமே" என்றாள். அப்புறம்தான் இந்தப் பக்கம் வைத்துப் பார்த்து, குதித்தாய். எனக்கு நெஞ்சு சோத்தாங்கைப் பக்கம் இருக்கிறது என்று இந்த உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நீதான். ஆட்டுக்குப் பின்னால் அத்தனை வருஷம் ஓடியிருக்கிறேன், ஒரு நாள்கூட அது எனக்குச் சொன்னதில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உன் காலேஜில் காட்டினாய். அங்கே பெரிய டாக்டர்களெல்லாம் புது மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறமாதிரி வரிசையில் வந்தார்கள். அன்றிலிருந்து பரீட்சை வந்தால் எனக்கும் ஆள் வரும். பஸ் சார்ஜ் கொடுத்து, சோறு போட்டு, கட்டிலில் படுக்கப் போடுவார்கள். பிள்ளைகள் வந்து என் நெஞ்சைத் தேடவேண்டும். தேடிக் கண்டுபிடித்தவர்கள் பாஸ்.

அங்கே பரீட்சைக்கென்றே வருகிற நோயாளிகள் எங்களுக்குள் ஒரு கூட்டம் இருந்தது. ஒருவரை ஒருவர் நோயின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். என் பக்கத்துக் கட்டிலில் ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற சுடலைமுத்து அண்ணாச்சி. அவருக்கு மண்ணீரல் வீங்கி வயிற்றில் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தது. "ஸ்ப்ளீன் அண்ணாச்சி" என்றால் திரும்பிப் பார்ப்பார். "என் வயித்தத் தொடாத டாக்டரு இந்தச் சீமையில எவனும் கெடையாது வே" என்று பெருமையடிப்பார். பிள்ளைகள் ஐஸ்கட்டி மாதிரிக் கையை வைத்து வயிற்றில் குத்துவார்கள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். ஒருத்தன் அழாத குறையாக, "அண்ணாச்சி, என்னதுன்னு சொல்லிருங்களேன்" என்று காதுக்குள் கேட்டான். "ஏலே, வயிறு என்னுது, பரீச்ச ஒன்னுது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோயாளி வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே கட்டளை. அதை அவர் ஒரு விரதம் மாதிரிக் காத்தார்.

உனக்கு என்னைத் தரமாட்டார்கள். நான் உன் அப்பன் என்பது வார்டு முழுக்கத் தெரியும். அந்தக் கடைசிப் பரீட்சையில் உனக்கு விழுந்தது ஸ்ப்ளீன் அண்ணாச்சி. நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் சுவரைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் காது எங்கே போகும்? நீ முதலில் கையை இரண்டையும் உரசிச் சூடு பண்ணினாய். அண்ணாச்சி அதற்கே அசந்துபோனார். "மூச்ச நல்லா இழுங்க அண்ணாச்சி, மெதுவா விடுங்க, நோவுச்சுன்னா சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே அடிவயிற்றிலிருந்து மேலே மேலே கையைக் கொண்டுபோனாய். ஓரிடத்தில் கை நின்றது. உனக்கு நீயே சொல்லுகிறமாதிரி, "ஆத்தாடி, உள்ள ஆட்டுக்காது வெட்டு மாதிரில்லா கெடக்கு" என்றாய். நம் ஆடு என்று அடையாளம் தெரிவதற்காகக் காதோரத்தில் ஒரு வெட்டு வெட்டிவிடுவோமே, அதைச் சின்னப் பிள்ளையிலிருந்து தடவிப் பார்த்த கை உன்னுடையது. இருட்டில்கூட நீ நம் ஆட்டைக் காதைத் தொட்டுப் பிரித்துவிடுவாய். அண்ணாச்சிக்கு அது கேட்டது. எனக்கும் கேட்டது.

அப்புறம் பரீட்சைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உங்கள் காலேஜ்காரர், இன்னொருவர் வெளியூரிலிருந்து வந்த ஒல்லியான பெரியவர். கூடவே தட்டைப் பிடித்துக்கொண்டு வார்டு சிஸ்டரம்மா. வெளியூர்க்காரர் கேட்கிறதெல்லாம் இங்கிலீஷ். நீ ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாய், ஆற்றில் கல் பார்த்துக் கால் வைக்கிறமாதிரி. எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது என்று கேட்டார். "லெஃப்ட் சார்" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். அவர் குனிந்து எழுதிக்கொண்டே, "ரைட்?" என்றார். சரிதானே என்று கேட்டார். நீயும் சரி என்று சொல்வதற்காக, "ரைட் சார்" என்றாய். அவர் நிமிர்ந்தார். "லெஃப்ட் ஆர் ரைட்?" "லெஃப்ட் சார்." "ரைட்?" "ரைட் சார்." உங்கள் காலேஜ்காரர் சிரித்துவிட்டார். "அஞ்சு வருஷம் படிச்சு இந்தப் பிள்ளைக்கு எடது வலது தெரியல சார்" என்று தமிழிலேயே சொன்னார். வலது பக்கம் என்றால் அது ஈரலாகிவிடும், படித்ததெல்லாம் வீண். லெஃப்ட் என்பதை வேறு எப்படிச் சொல்வதென்று இங்கிலீஷில் தேடித் தேடிப் பார்த்து, கிடைக்காமல், வார்டே அதிரும்படி ஒரு சத்தம் போட்டாய்: "பீச்சாங்கைப் பக்கம் சார்!"

வார்டில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். மருந்துத் தட்டு கொண்டுவந்த ஆயாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய மனிதர்கள் முன்னால் சொல்லத்தகாத சொல் என்று நமக்கு வளர்ப்பு. நீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாய். உனக்குத் தெரிந்தது அதுவரைதான். கேட்டுக்கொள், அதற்கு மேல் நடந்தது இது.

உங்கள் காலேஜ்காரர் பேனாவை எடுத்து எதையோ அடிக்கப் போனார். அப்போது ஸ்ப்ளீன் அண்ணாச்சி தலையைத் தூக்கி, "சார், ஒரு வார்த்த" என்றார். "பெரியவரே, நீங்க பேசக்கூடாது" என்றார் காலேஜ்காரர். "நான் எங்க பேசினேன்? வயித்தத்தான் தொட்டுப் பாருங்கன்னு சொல்லுதேன். அந்தப் புள்ள உள்ள ஆட்டுக்காது வெட்டு கெடக்குன்னு சொல்லிச்சு. காலையில இருந்து இத்தன பேரு பிசஞ்சாவ, ஒருத்தரும் அதச் சொல்லல" என்றார். வெளியூர்க்காரருக்கு ஆட்டுக்காது புரியவில்லை. சிஸ்டரம்மா இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அவர் முகம் மாறியது. நோட்டை மூடிக் கட்டிலில் வைத்துவிட்டு, கையை உரசிச் சூடு பண்ணிக்கொண்டு குனிந்தார். மூச்சை இழுக்கச் சொன்னார். அவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. அப்படியே நிமிராமல், காலேஜ்காரரைப் பார்த்து ஒன்று சொன்னார். அதை நான் இன்றுவரைக்கும் விடாமல் வைத்திருக்கிறேன். மதினி நான் சொல்லுகிற சத்தத்தை அப்படியே எழுதுகிறாள், நீ வாசித்துக்கொள்: "ஹெர் ஹேண்ட்ஸ் நோ. இங்கிலீஷ் கேன் வெயிட்."

எனக்கு அந்த இங்கிலீஷ் எப்படிப் புரிந்தது என்று கேட்கிறாயா? புரியவில்லை. 'நோ' என்றால் இல்லை, அது தெரியும். 'கேன்' தெரியும், பால் கேன். 'வெயிட்' தெரியும், மூட்டையைத் தராசில் போட்டால் சொல்வது. உன் கையில் ஒன்றுமில்லை, இங்கிலீஷ் தூக்கமுடியாத கனம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். நெஞ்சு எந்தப் பக்கம் இருந்தால் என்ன, இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது. அவர்கள் போனதும் சிஸ்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள போச்சா தாயி?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அர்த்தம் சொன்னார். "அந்தப் பொண்ணோட கைக்குத் தெரிஞ்சிருக்கு, இங்கிலீஷ் மெதுவா வந்துக்கிடட்டும்னு அந்தப் பெரியவரு சொல்லுதாரு, அண்ணாச்சி. அந்த வெட்டு தட்டுப்பட்டாத்தான் அது மண்ணீரல், வேற கட்டி இல்லன்னு உறுதியாகும். ஒங்க மக ஒருத்திதான் அதச் சொல்லியிருக்கா" என்றார். காலேஜ்காரர் அதற்கு ஏதோ மறுத்துப் பேசினாராம். வெளியூர்க்காரர் மார்க்கைத் தன் கையாலேயே போட்டாராம். அதில் இரக்கம் எங்கே இருக்கிறது மகளே? உன்னை ஏழைப் பிள்ளை என்று அவருக்கு யார் சொன்னது? உன் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது அண்ணாச்சியின் வயிற்றைத்தான்.

நம் பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசுகிற வீட்டிலிருந்து ஒரு காளை வாங்கினோமே, செவலைக் காளை, உனக்கு நினைவிருக்கும். ஏரில் பூட்டி, திரும்பு என்று நான் தமிழில் சொன்னால் அது நிற்கும். நில் என்றால் நடக்கும். கன்றிலிருந்து தெலுங்கு கேட்டே வளர்ந்த மாடு. உழவுச்சால் ஓடைத் தண்ணீர் மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. வரப்பில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள், "மாட்டுக்கு டியூசன் வையும் வே" என்றார்கள். நான் விற்ற வீட்டுக்காரரிடம் போய் அந்தச் சொல்லையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். முதலில் தெலுங்கில் ஒரு தடவை சொல்வேன், கூடவே தமிழிலும் சொல்வேன். அடுத்த மழைக்குள் அதற்குத் தமிழே போதும் என்றாகிவிட்டது. ஆனால் இதைக் கவனி. அது வளைந்து வளைந்து போன அந்த நாட்களிலும், இந்த மாட்டுக்கு உழவு தெரியாது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. பாஷை தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். மாட்டுக்குக் கொடுத்த அந்த மரியாதையை உன் பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று நீ நினைத்தாய். அது தப்பே இல்லை.

அதற்காக இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உன் அம்மாவை மதுரைக்குக் கொண்டுபோனபோது, அங்கே பார்த்த டாக்டர் மலையாளத்துக்காரர். நீ மேல்படிப்புக்குப் போயிருந்தாய், பக்கத்தில் இல்லை. நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை, அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை. கோவில்பட்டி டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுத்தான் தலையை ஆட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். உன் அம்மா அதற்குப் பிறகு நம்மோடு இருந்த காலமெல்லாம் அந்த இங்கிலீஷ் கொடுத்த காலம். டாக்டரும் டாக்டரும் பேசிக்கொள்ள ஒரு பாஷை வேண்டும், அதை உன் பிள்ளைகள் கட்டாயம் படிக்கவேண்டும். நீயே கண்டிப்பாக இருந்து படிக்கவை. ஆனால் படுத்திருக்கிறவனும் டாக்டரும் பேசிக்கொள்ளவும் ஒரு பாஷை வேண்டும் அல்லவா? "எங்கன வலிக்கி?" என்று கேட்டால் நம் காட்டு வேலைக்காரன் "பீச்சாங்கைப் பக்கம் பிடிச்சு இழுக்கு" என்றுதான் சொல்லுவான். சிரிக்கிற டாக்டரிடம் அடுத்த தடவை சொல்லமாட்டான், வலியோடு வீட்டிலேயே கிடப்பான்.

புரியவில்லை என்று போய்ச் சொன்ன அந்த வடக்கத்திப் பிள்ளை மேல் உனக்குக் கோபம் இருக்கிறது, போனில் குரலில் தெரிந்தது. அதை விட்டுவிடு. அன்றைக்கு அந்தக் கட்டிலருகில் நீ நின்றாயே, அப்படித்தான் அவள் உன் வகுப்பில் நின்றிருக்கிறாள். சுற்றி எல்லோரும் சிரிக்க, எதற்கென்று தெரியாமல் இருப்பதைப்போல ஒரு வேதனை கிடையாது. திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு, "ஒங்க ஊர்ல சோறு திங்குத கைக்கு என்ன பேரு?" என்று கேள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார். அதை எல்லோரையும் ஒரு தடவை சொல்லவை. அப்புறம் அவளுக்கு நம் சொல்லைச் சொல்லிக்கொடு, அவள் பார்க்கப் போகிறது நம் ஜனத்தின் வயிற்றைத்தானே. கடைசியில் எல்லோரும் சேர்ந்து இங்கிலீஷில் சொல்லட்டும். உங்கள் தலைவர் மறுபடியும் சாப்பாட்டுக்கடையா என்று கேட்டால், மரியாதையாகவே பதில் சொல். "ஆமா சார், எல்லாரும் சாப்பிடத்தான செய்தோம்" என்று சொன்னால் போதும். குரலை உயர்த்தாதே. நீ குரல் உயர்த்தினால் வார்டு அதிரும், நான் கேட்டிருக்கிறேன்.

கிளினிக் போடுவது உன் இஷ்டம். உன் அண்ணன் மெயின்ரோட்டில் இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறான். களைத்துப்போய் வருகிறாய் என்றால் வா, ஊர் உன்னுடையது, வீடு உன்னுடையது. ஆனால் பிச்சையாக வந்த படிப்பு என்று சொல்லிக்கொண்டு மட்டும் பஸ் ஏறாதே. இல்லாத காரணத்துக்காக ஒரு வேலையை விடக்கூடாது. பின்வரிசையில் முழித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளில் ஒன்றுக்காவது கையில் ஏதோ தெரிந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க அந்தக் காலேஜில் நீயும் இல்லாவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார். யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை முடிவு பண்ணு.

உன் மனசைத் தேற்றுவதற்காக அப்பா கதை கட்டுகிறார் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும், நான் நல்ல சாட்சி இல்லைதான். இங்கிலீஷ் தெரியாதவன், சத்தத்தை மட்டும் வைத்திருக்கிறவன், அதுவும் பெற்றவன். அர்த்தம் தெரிந்து கேட்ட ஆளிடம் போய்க் கேள். அந்த ஒல்லியான பெரியவர் அடுத்த வருஷப் பரீட்சைக்கு வரவில்லை, காலமாகிவிட்டார் என்றார்கள். உங்கள் காலேஜ்காரர் ரிட்டயரான கையோடு போய்ச் சேர்ந்தார், நீகூட மாலை அனுப்பினாய். ஸ்ப்ளீன் அண்ணாச்சியை நானே போய்த் தூக்கிப்போட்டு வந்தேன். அன்றைக்கு அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று அந்த இங்கிலீஷைக் கேட்டு விளங்கிக்கொண்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒருவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கண் கொஞ்சம் மங்கி, எட்டயபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாசம் பஸ்ஸில் பார்த்தேன், "பேச்சி பாடம் நடத்துதாளா அண்ணாச்சி?" என்று முதல் கேள்வியாகக் கேட்டார். எஸ்தர் சிஸ்டர்.